சாட்சி நடுங்கிய உச்சிவேளை

அந்தக் காலத்தில் ஓணானுக்கு வாய்ப்பேச்சு இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. சூரியனும் அப்படித்தான். கேட்டாலும் பதில் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான்.

கரிசல் பூமியில் மொட்டப்பாறை என்று ஓர் ஊர். ஊர் நடுவில் யானை படுத்தாற்போல ஒரு பாறை. வழக்குகளெல்லாம் அந்தப் பாறைமேல்தான், அதுவும் உச்சிவேளையில்தான். ஆள் உயரக் கம்பு ஒன்றைப் பாறை வெடிப்பில் நட்டு வைப்பார்கள். அதன் நிழல் ஒடுங்கி அடிக்கு வந்த பிறகே வாய் திறக்கலாம். நிழல் இல்லாத இடத்தில் பொய் ஒளிந்துகொள்ள முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. சூரியன்தான் சாட்சி. சாட்சிக்கு மறைப்பு கூடாது என்று பாறையைச் சுற்றி நின்ற ஏழு வேப்பமரங்களையும் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பாறைமேல் செருப்பு கூடாது. தண்ணீர் கூடவே கூடாது. தண்ணீரில் விழுந்தால் சூரியன் நடுங்குவான். சாட்சி நடுங்கினால் வழக்கு நிற்குமா?

மரம் போன பிறகு பிள்ளைகளுக்கு வேர்க்குருவும் சூட்டுக்கட்டியும் வந்தன. பெரியவர்களுக்கு நீர்க்கடுப்பு. தூக்கமில்லாமல் பாயில் புரண்டவர்கள், விடிந்ததும் எரிகிற கண்ணோடு எழுந்து எதிரே வந்தவர்மேல் பாய்ந்தார்கள். மாமியார் மருமகளை ஏசினாள். மருமகள் மாட்டை அடித்தாள். மாடு கன்றை உதைத்தது. அந்தக் கோடையில் மட்டும் மூன்று பேரைப் பாறையிலிருந்து அப்படியே ஊரைவிட்டுத் துரத்தினார்கள். காலில் செருப்பில்லாமல், கையில் தண்ணீரில்லாமல், கொதிக்கிற வெயிலில், கிழக்கே மரமில்லாத பொட்டல் வழியாக. மூன்று பேரில் ஒருவர்கூட அடுத்த ஊர் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

நாலாவதாக வெயிலுகந்தாளின் புருஷன் பெத்தணன்மேல் பிராது வந்தது.

வெயிலுகந்தாள் காட்டு வேலைக்காரர்களுக்குத் தண்ணீர் சுமக்கிறவள். தலையில் மண்குடம், அதன் வாயில் கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டை. பெத்தணனுக்கும் காத்தமுத்துவுக்கும் ஒரே பங்குக் கிணறு. மீசை முளைக்கும் முன்பிருந்தே ஒரே சட்டியில் கஞ்சி குடித்தவர்கள். முந்தின நாள் மத்தியானம், யார் முறைக்கு யார் தண்ணீர் இறைப்பது என்று ஒரு சொல் விழுந்தது. ஒரு சொல் ஒன்பது சொல்லானது. அவள் குடத்தோடு போய்ச் சேருவதற்குள் காத்தமுத்துவின் மண்டை உடைந்திருந்தது. பெத்தணன் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அது யாருடைய கை என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை அவள் கிணற்றுக்குப் போனபோது கள்ளிவேலியில் ஓணான் உட்கார்ந்திருந்தது.

“என்ன தாயி, கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு?”

“ஏலே, போயிரு. எரிச்சல்ல இருக்கேன். கல்லெடுத்து எறிஞ்சிருவேன்.”

“எறி, எறி. நீயா எறியுற? அவன்லா எறியுறான்.” ஓணான் அண்ணாந்து சூரியனைப் பார்த்தது.

அவள் எடுத்த கல்லைக் கீழே போட்டாள். “என்ன சொல்ற நீ?”

“காலையில நான் என்ன நிறம்?”

“சாம்பல்.”

“மத்தியானம்?”

“மஞ்சள்.”

“நானா மாத்திக்கிடுறேன்? வெயில் ஏற ஏறத் தானா மாறுது. ஒங்களுக்கும் மாறத்தான் செய்யுது. எனக்குத் தோல்ல, ஒங்களுக்கு உள்ளுக்குள்ள. அதான் ஒருத்தருக்கும் தெரியல.”

வெயிலுகந்தாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். குடிக்குமுன் ‘இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?’ என்று சீறுகிற காட்டு வேலைக்காரன், சிரட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா?’ என்று கேட்பான். பதினைந்து வருஷமாக இதைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததற்குப் பொருள் இன்றைக்குத்தான் பிடிபட்டது.

“இதைப் பாறையில வந்து சொல்லுவியா?”

ஓணான் கள்ளி மறைவுக்கு நகர்ந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: “அவன் மூஞ்சிக்கு நேராவா? என்னைச் சுட்டுருவான் தாயி.”

“நான் பக்கத்துல நிக்கிறேன். என் நெழலு ஒனக்கு.”

“உச்சிவேளையில ஏது தாயி நெழலு?”

அவள் கயிற்றைக் கிணற்றில் விட்டாள்.

அன்று உச்சிவேளையில் நிழல் கம்படியில் ஒடுங்கியது. ஊர்த்தலைவர் முத்திருளப்பர் கொதிக்கிற பாறையில் கால் மாற்றி மாற்றி நின்றார். தலையில் காயக்கட்டோடு காத்தமுத்து ஒரு பக்கம், பெத்தணன் ஒரு பக்கம். தலைவரின் கை ஏற்கெனவே கிழக்கே நீளப் பார்த்தது. அந்தக் கோடையில் அது பழகிப்போன கை.

அப்போதுதான் தண்ணீர்க் குடத்தோடு வெயிலுகந்தாள் பாறைமேல் ஏறினாள். கூட்டம் “ஏய்!” என்று அலறியது.

“வெயிலு, கீழ எறங்கு!” என்றார் முத்திருளப்பர். “சாட்சிக்கு ஆகாத சாமானை இங்க கொண்டாரலாமா?”

“எறங்குறேன் மாமா. எல்லாரும் ஒரு வாய் குடிச்ச பெறகு.”

“தண்ணி குடிச்சா நியாயம் மாறிருமா?”

“மாறாதில்ல? அப்பக் குடிச்சுட்டே சொல்லுங்க.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தக் கோடையில் அந்த ஊர் கேட்ட முதல் சிரிப்பு அது.

மேலேயிருந்து சூரியன் இடியாக முழங்கினான். “யாரடி நீ? நான் சாட்சியாக நிற்கிற இடத்தில் தண்ணீரா?”

வெயிலுகந்தாள் கையை நெற்றிக்கு மறைவாக வைக்கவில்லை. கண்ணீர் வழிய அவனை நேராகப் பார்த்தாள். “நீ சாட்சி இல்ல. நீயும் எதிராளிதான். எம் புருஷன் அடிச்சதுக்கு அவன் பதில் சொல்லட்டும். நீ அடிச்சதுக்கு நீ சொல்லு!”

“நான் யாரை அடித்தேன்? எவன் பார்த்தான்?”

“நான் பாத்தேன்.”

எல்லாரும் திரும்பினார்கள். நட்டுவைத்த கம்பின் உச்சியில் ஓணான் இருந்தது. உடம்பு நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. “வேலியில இருந்து தெனமும் பாக்கேன். வெயில் ஏறுனா நான் மஞ்சளாகுறேன், இவங்க மிருகமாகுறாங்க. இந்தக் கோடையில பாறையில தீர்ப்புச் சொன்னது மனுசன் இல்ல. நீதான். அந்த மூணு பேரையும்...”

அதற்குமேல் சொல்ல விடவில்லை. சூரியன் ஒரு கதிரை உருவி ஓணானின் தொண்டையில் இழுத்தான். கழுத்து நெருப்பாகச் சிவந்தது. குரல் அவிந்தது. “சொல்லு பார்ப்போம் இப்போது, நானா?” என்றான்.

ஓணான் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்டியது. ஆமாம். மறுபடியும் ஆட்டியது. ஆமாம்.

வெயிலுகந்தாள் குடத்தைப் பாறையில் வைத்தாள். குடத்துக்குள் சூரியன் விழுந்தான். விழுந்தவன் கிடுகிடுவென்று நடுங்கினான்.

“பாருங்க,” என்றாள். “நடுங்குறது யாருன்னு பாருங்க.”

சிரட்டையில் மொண்டு, முதலில் காத்தமுத்துவிடம் நீட்டினாள், புருஷனிடம் அல்ல. காத்தமுத்து முறைத்தான். உதடு வெடித்திருந்தது. வாங்கினான். ஒரே மூச்சில் குடித்தான். இன்னொரு சிரட்டையும் குடித்தான். வெகுநேரம் சிரட்டையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பெத்தணா,” என்றான். “நாந்தாண்டா மொதல்ல கயித்தைப் பிடுங்கினேன். ஏன்னு தெரியல. மண்டைக்குள்ள வண்டு குடையுற மாதிரி இருந்துச்சு.”

“அதுக்காக ஒன் மண்டைய ஒடைப்பேனா? நான் ஒரு மனுசனா?” என்று பெத்தணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

முத்திருளப்பர் தானாகவே வந்து சிரட்டையை வாங்கினார். குடித்து முடித்துத் துண்டால் வாயைத் துடைத்தவர், கிழக்கே பொட்டலைப் பார்த்தார். “முன்ன போன மூணு பேரு...” என்று தொடங்கினார். அந்தப் பேச்சை அவர் முடிக்கவே இல்லை.

காயம் ஆறும்வரை காத்தமுத்துவின் முறைத் தண்ணீரையும் பெத்தணனே இறைக்க வேண்டும் என்பது தீர்ப்பு. அடுத்து, தலைவர் இரண்டு ஆட்களைக் குடத்தோடு கிழக்கே ஓடச் சொன்னார். பொழுது சாயும்போது அவர்கள் திரும்பி வந்தார்கள். குடங்கள் கொண்டுபோன மாதிரியே நிறைந்திருந்தன. குடிக்க அங்கே உயிரோடு யாரும் இல்லை. அந்தத் தண்ணீரைப் பாறையைச் சுற்றிப் புதிதாக ஊன்றிய மூன்று வேப்பங்கன்றுகளுக்கு ஊற்றினார்கள்.

அன்று முதல்தான், நம் பக்கத்தில் வாசலுக்கு வருகிறவர் பங்காளியோ பகையாளியோ, முதலில் ஒரு செம்புத் தண்ணீர். அவர் குடித்துச் செம்பைக் கீழே வைத்த பிறகுதான் வந்த சங்கதி. ஓணானுக்கு மட்டும் பேச்சு திரும்பவில்லை, கழுத்துச் சிவப்பும் போகவில்லை. ஆனாலும் மற்ற உயிரெல்லாம் நிழல் தேடி ஒண்டுகிற உச்சிவேளையில் அது வேலி உச்சிக்கு ஏறி, சூரியனை நேருக்கு நேர் பார்த்து, இன்றைக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது: ஆமாம், நீதான். ஆமாம், நீதான்.