வேங்கை மரத்து மூன்று கோடுகள்

மூங்கில் பூத்த ஒரு காட்டில், ஒரு வேங்கை மரத்தில், செம்பன் என்ற அணிலும் அவன் மனைவி மணியாளும் குடியிருந்தார்கள். செம்பன் சுறுசுறுப்பானவன். அந்தச் சுறுசுறுப்போடு கொஞ்சம் பேராசையும் ஒட்டிக்கொண்டிருந்தது.

போன மழைக்காலத்தில் அவர்கள் சேர்த்து வைத்திருந்தது நாவல் கொட்டை மட்டும்தான். அத்தனையும் பூசணம் பிடித்துவிட்டது. தாய்க்குத் தீனி இல்லை, பாலும் இல்லை. நான்கு குட்டிகளில் இரண்டு பசியிலேயே போய்விட்டன.

அந்தத் துக்கம் ஆறாமலே செம்பன் கோடையில் ஒரு விதி செய்தான். மேல் பொந்தில் மூங்கில் அரிசி, கீழ்ப் பொந்தில் பலாக்கொட்டை; இரண்டும் பாதிக்குப் பாதி. மேல் பொந்தின் சுவரில் நகத்தால் ஒரு கோடு கீறினான்.

"அமாவாசைக்கு அமாவாசை பாக்கணும். அரிசி இந்தக் கோட்டைத் தாண்டினா, தாண்டினதைக் குடுத்துப் பலாக்கொட்டை வாங்கிடணும். நானே வேண்டாம்னு சொன்னாலும் விடாதே," என்றான்.

"விடமாட்டேன்," என்றாள் மணியாள்.

பலாப்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் குவித்து வைத்திருந்தது ஒரு முள்ளம்பன்றி. ஒரு பிடி மூங்கில் அரிசிக்கு அது முதலில் இரண்டு கொட்டை கொடுத்தது. அமாவாசை வருவதற்குள் நான்கானது. காடு முழுக்க மூங்கில் அரிசிப் பேச்சுதான்.

பொந்தில் அரிசி கோட்டைத் தாண்டியிருந்தது. கேட்டதையே திருப்பிச் சொல்லும் கிளி ஒன்று கிளையில் வந்து உட்கார்ந்தது.

"ஏறும், இன்னும் ஏறும். இப்பக் குடுக்கிறவன் ஏமாளி."

செம்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இரண்டு விரல் மேலே புதுக் கோடு கீறினான். அடுத்த அமாவாசைக்கு விலை ஆறு கொட்டை. அன்றைக்கும் ஒரு கோடு ஏறியது.

மறுநாள் காலை மணியாள் பொந்துக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ஒரு கோடுதானே போட்டீங்க? மூணு இருக்கு."

"காலத்துக்குத் தக்கபடி விதியும் வளரணும்டி."

"வளர்றது உங்க ஆசை. கீழ்ப் பொந்து காலியாக் கிடக்கு. என் வயித்துல குட்டிங்க இருக்கு."

செம்பன் காதில் போட்டுக்கொள்ளாமல் மூங்கில் புதருக்கு ஓடினான்.

மணியாள் நேரே மரங்கொத்தியிடம் போனாள். மரங்கொத்தி எங்கே, என்ன அளவு என்று மட்டும்தான் கேட்கும்.

"முதல் கோட்டுல. அரிசி வழியிற அளவுக்கு."

டொக், டொக், டொக்.

செம்பன் வாய் நிறைய அரிசியோடு திரும்பி வந்தால், பொந்திலிருந்து அரிசி பொலபொலவென்று வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. பதறிப்போய் முதுகை வைத்துத் துளையை அடைத்தான். நகர்ந்தால் அரிசி போகும், நகராவிட்டால் தாகம். உச்சிவெயில்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அப்புறம் தாகம் ஜெயித்தது; கீழே இறங்கினான்.

கீழே மணியாள் தேக்கிலையில் அரிசியைப் பிடித்து, முள்ளம்பன்றியிடம் பிடிக்கு ஆறு கொட்டையாக வாங்கி, பூசணம் பிடிக்காமலிருக்கச் செம்மண்ணில் புரட்டிக் கீழ்ப் பொந்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு என் அரிசியைக் குடுத்தே?"

"உங்களைக் கேட்டுத்தான். நானே வேண்டாம்னாலும் விடாதேன்னு சொன்னது யாரு?"

செம்பன் மூன்று நாள் உர்ரென்று திரிந்தான்.

மழை வந்தது. கூடவே வண்டும் வந்தது. காட்டில் இருந்த மூங்கில் அரிசியெல்லாம் துளைபட்டு மாவாக உதிர்ந்தது. ஒரு பிடிக்கு அரைக் கொட்டை தரவும் ஆள் இல்லை. கிளி மட்டும் ஈரச் சிறகோடு, "ஏறும், இன்னும் ஏறும்," என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மணியாள் பலாக்கொட்டை தின்று நான்கு குட்டிகளுக்குப் பால் கொடுத்தாள். மழை விட்ட அன்று நான்கும் கிளையில் ஓடின. செம்பன் அவற்றை எண்ணினான். நம்ப முடியாமல் மறுபடியும் எண்ணினான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த கோடையில் காடு முழுக்கப் பலாக்கொட்டைப் பேச்சு. "ஏறும், இன்னும் ஏறும்," என்றது கிளி.

செம்பனுக்கு நகம் அரித்தது. ஒரு கணம் நின்றான். பிறகு மரங்கொத்தியிடம் ஓடினான்.

"அண்ணே, கீழ்ப் பொந்துல பாதி உயரத்துல ஒரு துளை போடுங்க. அடைச்சுக் குடுன்னு யாரு வந்து கேட்டாலும் அடைக்காதீங்க."

"யாரு கேட்பாங்க?"

"நான்தான்," என்றான் செம்பன்.

நீதி: தெளிந்த மனத்தோடு போட்ட கோட்டை, ஆசை வந்த நாளில் நகர்த்தாதே.