வாலழகனின் நானூறு டொக்

பொழுது விடிந்தால் போதும், ஏரிக்கரைப் பனைமரத்தடியில் ஒரே கூச்சல்தான். அணில்களும் ஓணான்களும் சுண்டெலிகளும் தென்னம்பாளைப் படகுகளை இழுத்துக்கொண்டு வந்துவிடும். தென்னம்பாளை தெரியுமல்லவா? தென்னம்பூவை மூடியிருந்து, காய்ந்து தொப்பென்று கீழே விழுமே, அதேதான். இரண்டு முனையும் கூர், நடுவில் குழிவு. ஓர் அணில் உட்கார அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். நாணல் தண்டின் இரண்டு நுனியிலும் ஆலிலையைக் கட்டினால் துடுப்பு தயார். வலப்பக்கம் ஒரு இழுப்பு, இடப்பக்கம் ஒரு இழுப்பு, படகு போய்க்கொண்டே இருக்கும்.

மீன் பிடிக்கவா? இல்லை. அக்கரையில் வேலை இருக்கிறதா? அதுவும் இல்லை. சும்மா, சந்தோஷத்துக்காக ஓட்டுகிறவர்கள் எல்லாரும். ஆனாலும் யார் வேகம் என்பதில் மட்டும் ஒருவரையொருவர் பிறாண்டாத குறை.

வேகத்தை அளப்பதற்கு மரங்கொத்தித் தச்சர் இருந்தார். பனைமரத்தில் உட்கார்ந்து டொக், டொக், டொக் என்று ஒரே சீராகக் கொத்துவார். பனைமரத்தடியில் கிளம்பும் படகு ஏரியின் மறுகோடியில் இருக்கும் மதகைத் தொடுவதற்குள் எத்தனை டொக் கேட்டதோ, அதுதான் அந்தப் படகின் கணக்கு. படகுகள் மதகைத் தொட்டதும் தச்சர் எறும்பு தின்னப் போய்விடுவார். திரும்பி வருவதை யாரும் எண்ணுவதில்லை. பசி வேளையில் யாருக்கு அந்தக் கவலை?

அந்தக் கூட்டத்தில் வாலழகன் என்ற அணிலுக்குத்தான் முதலிடம். நானூறே டொக்கில் மதகைத் தொட்டுவிட்டது! அன்றிலிருந்து அதைக் கையில் பிடிக்க முடியவில்லை. காலையில் யாராவது "சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூட, "நானூறு டொக்!" என்றுதான் பதில் வரும்.

"நானூறு டொக் சரிதான் தம்பி" என்றது ஒருநாள் கோணக்காலன். கோணக்காலன் ஒரு வயல் நண்டு. தினமும் பனைமரத்திலிருந்து மதகு வரை கரையோரமாகப் பக்கவாட்டில் நடந்துபோய், அப்படியே திரும்பி வருவது அதன் வழக்கம். "போகும்போது நீ என்னைத் தாண்டிடுற. வரும்போது நான் உன்னைத் தாண்டிடுறேன். அது ஏன்னு யோசிச்சியா?"

"வரும்போது நான் வேடிக்கை பார்த்துக்கிட்டு வருவேன் அண்ணே! நீங்க நடக்குறதே ஒரு வேடிக்கைதானே!" என்றது வாலழகன். தவளைகள் கொல்லென்று சிரித்தன. கோணக்காலன் கண்ணை மட்டும் ஒருமுறை உள்ளே இழுத்து வெளியே விட்டது.

மழைக்காலம் பிறந்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை, நெட்டைக்கால் நாரை ஒன்று அலறிக்கொண்டு பறந்து வந்தது.

"மேல் ஏரி ரொம்பிடுச்சு! கரை தாண்டி வழியுது! தண்ணி ஓடையில வந்துக்கிட்டே இருக்கு! இங்கே வந்தா திட்டு முழுகிடும்!"

எல்லாரும் ஏரியின் நடுவைப் பார்த்தார்கள். பனைமரத்துக்கும் மதகுக்கும் பாதி வழியில் ஒரு மண்திட்டு. அதில் ஒற்றை எருக்கஞ்செடி. அதன் வேரடி வளையில் வெள்ளச்சி என்ற வயல் எலி ஐந்து குட்டிகள் போட்டிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

"நான் ஒவ்வொண்ணா அலகில தூக்கிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டது நாரை.

சுண்டெலிகள் சட்டென்று ஓணானுக்குப் பின்னால் பதுங்கின. நாரை எலி தின்னும் என்பது எல்லாருக்கும் தெரியும். நாரைக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் நின்றது.

"தண்ணி வர இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஓணான் கேட்டது.

தச்சர் ஓடைப் பக்கம் ஒரு வட்டம் பறந்து பார்த்துவிட்டு வந்தார். "ஆயிரம் டொக். அதுக்கு மேல தாங்காது" என்று சொல்லிவிட்டுக் கொத்த ஆரம்பித்தார்.

"ஆயிரமா!" என்று துள்ளிக் குதித்தது வாலழகன். "மதகுக்கே எனக்கு நானூறு. திட்டு பாதி வழி. போக இருநூறு, வர இருநூறு! நான் போறேன்! வெள்ளச்சியக்கா! பயப்படாதே! வாலழகன் வர்றான்!"

திட்டிலிருந்து வெள்ளச்சியின் குரல் காற்றை எதிர்த்து மெல்லிசாகக் கேட்டது. "வாப்பா! உன்னைத்தான் நம்பியிருக்கேன்!"

"அப்போ உடனே கிளம்பு" என்றது கோணக்காலன்.

"இப்பவேவா? எதுக்கு அண்ணே? அறுநூறு டொக் மிச்சம் கிடக்கே! வயிறு காலியா இருந்தா கை ஓடுமா?"

"போற கணக்கு சொன்னே. வர்ற கணக்கு யார் எண்ணினா?"

"போன வழிதானே வரணும்? ஏரி என்ன நீண்டுடப் போகுதா?"

கோணக்காலன் பனையோலைகளை அண்ணாந்து பார்த்தது. ஓலைகள் எல்லாம் மதகுப் பக்கமாகவே சாய்ந்து படபடத்துக்கொண்டிருந்தன. "சரி. நான் மதகுக்குப் போறேன். உங்களுக்காக அங்கே காத்திருக்கேன்."

"மதகுலயா? நான் இங்கேதானே வருவேன்!"

"என் நடை மெதுவு. இப்பவே கிளம்பினாத்தான் சரிப்படும்" என்று சொல்லிவிட்டு, நண்டு கோணல்மாணலாக நடையைக் கட்டியது.

வாலழகன் ஒரு கொய்யாப்பழத்தைக் கொறித்தது. துடுப்பில் புது ஆலிலை மாற்றிக்கொண்டது. வாலை நீவிவிட்டுக்கொண்டது. "நான் குட்டிகளோட கரையைத் தொடவும் வெள்ளம் வரவும் சரியா இருக்கும், பாருங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தது. அறுநூறாவது டொக் விழுந்ததும்தான் படகில் ஏறியது.

அடேயப்பா, என்ன வேகம்! படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. "வாலழகன்! வாலழகன்!" என்று கரையே அதிர்ந்தது. வாலழகனுக்குத் தலைகால் புரியவில்லை. திட்டில் போய் இடித்தபோது தச்சரின் எண்ணிக்கை எண்ணூறைத் தாண்டி இருபது. கொய்யாப்பழம் இருபது டொக்கைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான்.

வெள்ளச்சி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து படகில் வைத்தது. "சீக்கிரம் போயிடலாம்ல தம்பி?"

"கண்ணை மூடித் திற அக்கா, கரை வந்துடும்!"

படகைப் பனைமரத்தின் பக்கம் திருப்பியது. வலப்பக்கம் ஒரு இழுப்பு! இடப்பக்கம் ஒரு இழுப்பு! காற்று முகத்தில் பளாரென்று அறைந்தது. அலை படகுக்குள் எட்டிப் பார்த்தது. வாலழகன் பல்லைக் கடித்துக்கொண்டு வலித்தது. பத்து இழுப்பு. இருபது இழுப்பு. ஐம்பது இழுப்பு! கைகள் இற்றுவிழும்போல வலித்தன. மூச்சு இரைத்தது. பாதி தூரம் வந்திருப்போம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தது.

எருக்கஞ்செடி பக்கத்திலேயே நின்றது. எட்டிக் கையை நீட்டினால் ஓர் இலையைப் பறித்துவிடலாம்.

வாலழகன் செடியையும் கரையையும் மாறிமாறிப் பார்த்தது.

"ஏன் தம்பி, செடி நம்ம கூடவே வருதா?" என்றது வெள்ளச்சி.

டொக், டொக். தூரத்தில் தச்சர் தொள்ளாயிரத்தை எண்ணிவிட்டார். ஓடைப் பக்கமிருந்து உர்ரென்று ஒரு சத்தம் வேறு. வாலழகன் இன்னும் வெறியாக வலித்தது. துடுப்பின் ஒரு இலை கிழிந்தது. படகு ஒரு சாண் முன்னே போனது, ஒரு முழம் பின்னே வந்தது.

அப்போதுதான் நண்டு சொன்னது உறைத்தது. போகும்போது நீ என்னைத் தாண்டுற, வரும்போது நான் உன்னைத் தாண்டுறேன். வேடிக்கை பார்த்துக்கொண்டா வந்தேன்? இல்லையே! தினமும் திரும்பி வரும்போது கை வலித்ததே! மூச்சு வாங்கியதே! எவரும் எண்ணவில்லை என்பதால் நானும் அதை மறந்துவிட்டேனே! நானூறு டொக்கில் மதகைத் தொட்டது நான் மட்டுமா? முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனது இந்தக் காற்று அல்லவா!

பனைமரத்தடியிலிருந்து கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "வாலழகன்! வாலழகன்!" இப்போது படகைத் திருப்பினால் மானம் போச்சு. திருப்பாவிட்டால் வெள்ளச்சியும் ஐந்து குட்டிகளும் போச்சு.

வாலழகன் ஒரே ஒரு கணம்தான் யோசித்தது.

"அக்கா, என்னை மன்னிச்சிடு! நான் சொன்னது பொய்க் கணக்கு. அது என் வேகமே இல்லை, காத்தோட வேகம்! என்னால அந்தக் கரைக்குப் போக முடியாது!"

"ஐயோ! அப்போ என் பிள்ளைங்க?"

"மதகுக்குப் போலாம்! காத்து போற பக்கமே போலாம்! குட்டிகளை இறுக்கிப் பிடிச்சுக்கோ!"

படகு சட்டென்று வளைந்தது. காற்று மறுபடி முதுகில் கை வைத்தது. அவ்வளவுதான், படகு சீறிப் பாய்ந்தது! பின்னால் பனைமரத்துக் கூட்டம் "எங்கே போறே?" என்று அலறியது. வாலழகன் திரும்பியே பார்க்கவில்லை. மிச்சமிருந்த ஒற்றை இலைத் துடுப்பால் படகை நேராக வைத்திருந்ததே தவிர, வேகத்தைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஆயிரம்! ஓடைத் தண்ணீர் திமுதிமுவென்று ஏரிக்குள் விழுந்தது. திட்டு முழுகியது. எருக்கஞ்செடியின் கொழுந்து ஒருமுறை ஆடிவிட்டு மறைந்தது. செந்நிற அலை ஒன்று படகைத் தூக்கி மதகுக் கல்லை நோக்கி எறிந்தது. மோதினால் பாளை சுக்குநூறாகிவிடும்!

"இங்கே! இங்கே!"

மதகுப் படியில் கோணக்காலன் நின்றது. பெரிய கொடுக்கை நீட்டிப் படகின் விளிம்பை லபக்கென்று கவ்வியது. உடும்புப்பிடி என்பார்களே, அதெல்லாம் அன்றைக்கு நண்டுப்பிடிக்கு முன்னால் நிற்க முடியாது! அலை இழுத்தது. நண்டு விடவில்லை. வெள்ளச்சி குட்டிகளைக் கவ்விக்கொண்டு கரைக்குத் தாவியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து! கடைசியாக வாலழகன் தாவவும், பாளை அலையோடு போய்ச் சேர்ந்தது.

ஏரிக்கரை மேட்டில், தண்ணீர் எட்டாத உயரத்தில், கோணக்காலன் புதிதாக ஒரு வளை தோண்டியிருந்தது. உள்ளே காய்ந்த வைக்கோல்கூடப் பரப்பியிருந்தது. குட்டிகள் அதற்குள் போனதும் கீச்கீச்சென்று பால் தேடின. வெள்ளச்சி அழுதுகொண்டே சிரித்தது.

"நான் இங்கேதான் வருவேன்னு உங்களுக்கு எப்படி அண்ணே தெரியும்?" என்று கேட்டது வாலழகன். அதன் வால் சொட்டச்சொட்ட நனைந்து கயிறாகியிருந்தது.

"தினமும் உன் பக்கத்துல நடக்குறவன் நான். உன் வேகம் எனக்குத் தெரியாதா?"

வாலழகனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மனசு லேசாக இருந்தது.

மழை விட்டு, காற்று அடங்கிய ஒரு காலையில், எல்லாரும் மறுபடி பனைமரத்தடியில் கூடினார்கள். "தச்சரே, இன்னிக்குப் போறதையும் எண்ணுங்க, வர்றதையும் எண்ணுங்க. எறும்பு எங்கேயும் ஓடிடாது" என்றது வாலழகன். புதுப் பாளையில் ஏறி, மதகுக்குப் போய்த் திரும்பி வந்தது. ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. கரையோரமாகக் கோணக்காலன் கதை பேசிக்கொண்டே கூட நடந்தது. போகும்போதும் சரி, வரும்போதும் சரி, படகு நண்டை முந்தவும் இல்லை, நண்டு படகை முந்தவும் இல்லை. தச்சருக்குத்தான் கொத்திக் கொத்தி அலகு வலி கண்டுவிட்டது.

தண்ணீர் வடிந்தபின் வெள்ளச்சி கேட்டது: "தம்பி, பிள்ளைங்களோட திட்டுக்குத் திரும்பணும். எவ்வளவு நேரம் ஆகும்?"

"நண்டு நடக்குற நேரம் ஆகும் அக்கா" என்றது வாலழகன். "வா, இப்பவே கிளம்பிடலாம்."

காற்று தள்ளிவிட்ட வேகத்தை நம் சொந்த வேகம் என்று நம்பி, பிறர் உயிருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.