தொட்டால் நிற்கும் காவலர்

விடுதித் தோழி தன் வகுப்பில் கேட்டுவந்து எனக்குச் சொன்ன கதை இது. இடையில் யார் எதைச் சேர்த்தார்களோ தெரியாது; கேட்டபடி சொல்கிறேன்.

ரொம்ப காலத்துக்கு முன்னால் மருதங்கோட்டையை இளவரையன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம், மாலையில் இன்னொரு சட்டம் என்று போட்டுக்கொண்டே இருப்பான்; போட்டதை எடுக்கமாட்டான்.

அவன் அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. காவலன் தவறிப்போய் சொந்த ஆள்மேலேயே வேலை ஓங்கினால், அரண்மனை ஆட்கள் அவன் முன்கையைத் தொட்டு, "நம்ம ஆளுப்பா" என்பார்கள். வேல் தாழ்ந்துவிடும்.

ஒரு திருடன் இதைக் கற்றுக்கொண்டான். காவலர்களைத் தொட்டுத் தொட்டே கஜானாவரை போய்விட்டான். கடைசியில் பிடிபட்டான் என்றாலும் ராஜாவுக்கு அவமானம்.

அமைச்சர் பூதனார்மேல் பொறாமை கொண்டிருந்த தளபதி வல்லரையர் முந்திக்கொண்டார். "அமைச்சர் கட்டிக்காத்த வழக்கம் இது, மகாராஜா. தொட்டதும் அடங்க இவர்கள் காவலர்களா, தொட்டாற்சிணுங்கிகளா?" சபை சிரித்தது. "எல்லார் கையிலும் இரும்பு உறை மாட்டுவோம். தொடுவதே தெரியாது."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

மறுநாள் பால் கொண்டுவந்த பொன்னி, காவலன் ஓங்கிய கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வேல் நிற்கவில்லை, தோளில் காயம். அடுத்து சமையற்காரர், அவருக்கடுத்து தோட்டக்காரர். நேராகச் சொன்னால் ராஜா கேட்கமாட்டான் என்று பூதனாருக்குத் தெரியும்; போட்ட சட்டத்தை எடுக்க அவனுக்குக் கூச்சம்.

"சட்டத்தில் ஒரு குறை, மகாராஜா" என்றார் சபையில்.

"என்ன குறை?"

"நாட்டுக்கே பெரிய காவலர் தாங்கள். தங்கள் கை வெறுங்கையாக இருக்கிறதே."

'எல்லார் கையிலும்' என்று சொன்னதே தளபதிதான். ராஜா கையிலும் உறை ஏறியது.

ராஜாவுக்குக் கோபம் வரும்போதெல்லாம் அவனுடைய சின்ன மகள் குழலி அவன் கைமேல் கைவைப்பாள். கோபம் இறங்கிவிடும். அன்று பாயசத்தில் இனிப்புக் குறைந்தது. சமையற்காரர் படுத்திருந்ததால், காயத்தோடு அடுப்படிக்கு வந்து அதைக் கிண்டியவள் பொன்னி.

"அவளை நாடு கடத்துங்கள்" என்று கத்தினான் ராஜா.

குழலி ஓடிவந்து கைவைத்தாள். அவனுக்குத் தெரியவில்லை. அழுத்தினாள். அப்போதும் கத்திக்கொண்டே இருந்தான். குழந்தை இரண்டு கையாலும் இரும்பைத் தட்டி, "அப்பா, நான்தாம்ப்பா" என்று அழுதாள்.

ராஜா குனிந்து பார்த்தான். சின்ன விரல்கள் சிவந்திருந்தன.

"அமைச்சரே, இவள் எவ்வளவு நேரமாக..."

"தொட்டுக்கொண்டேதான் இருக்கிறாள், மகாராஜா. பொன்னியும் இப்படித்தான் தொட்டாள்."

ராஜா உறையைக் கழற்றி எறிந்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டான். "இனி யாருக்கும் உறை வேண்டாம்" என்றான்.

"அப்போ திருடன் வந்தால்?" என்று முனகினார் தளபதி.

"திருடனைக் கண்டுபிடிக்கக் கண்ணைத் தீட்டுவோம், தளபதியாரே. அதற்காக ஊரிலுள்ள கையெல்லாம் மரத்துப்போக வேண்டுமா?" என்றார் பூதனார்.

ராஜா தன் முத்துமாலையைப் பூதனாருக்குப் போட்டான். எல்லார் உறையும் கழன்றது. பொன்னியின் தோள் ஆறும்வரை அவளுடைய பால்குடத்தைத் தளபதி சுமந்தார்.

நோயெதிர்ப்பைப் பற்றிய பாடத்துக்காக வகுப்பில் சொன்ன கதையாம் இது; பிறகு நான் பாடப்புத்தகத்தில் சரிபார்த்தேன். நோயை எதிர்க்கும் செல்களின்மேல், தொட்டால் தாக்குதலை அடக்கும் ஏற்பிகள் (receptors) உண்மையிலேயே இருக்கின்றன. நம் சொந்தச் செல்கள் அவற்றைத் தொட்டுத் தப்பிக்கின்றன. சில புற்றுநோய்ச் செல்களும் அந்தத் தொடுகையைக் கற்றுக்கொள்கின்றன. அதனால் அந்த ஏற்பிகளை மறைக்கும் மருந்துகள் வந்திருக்கின்றன. பல உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கின்றன. ஆனால் அவற்றை எடுத்துக்கொள்ளும் சிலருக்கு, காவல் செல்களே குடலையும் மூட்டையும் தைராய்டையும் தாக்குகின்றன.