மதர்போர்டு மாற்றிய சீடர்

குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆசிரமம். குருவின் பெயர் தில்லைவடிவு, வயது நாற்பத்தைந்து. சீடர் சிதம்பரதாணுவுக்கு அறுபத்திரண்டு. அவர் குருவை ‘அம்மா’ என்பார். வயதில் மூத்தவர் என்பதால் குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார்.

தாணு பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர். பத்திரத்தில் ஓர் எழுத்தை அடித்துத் திருத்தியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தக் கறாருக்காகத்தான் ஆசிரமத்துக் கம்ப்யூட்டரை அவர் பொறுப்பில் விட்டிருந்தார் குரு. மற்றவர்களுக்கு அதைத் தொடவே பயம் என்பது இன்னொரு காரணம்.

ஐப்பசியில் விழுந்த ஓர் இடியில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. தென்காசியிலிருந்து மெக்கானிக் வந்து மதர்போர்டை மாற்றினார். உயிர் வந்தது. கூடவே திரையின் வலது மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரியும் வந்தது: ‘செயல்படுத்துக.’

“சாஃப்ட்வேர் உரிமம் பழைய போர்டோட பதிவாகியிருக்கு. புதுசை அதுக்கு அடையாளம் தெரியலை. கஸ்டமர் கேர்ல பேசுங்க சார்” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் வண்டியை எடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சத்சங்கத்தில் பாடல் வரிகள் பெரிய திரையில் ஓடின. எல்லாப் பாட்டுக்கும் கீழே ‘செயல்படுத்துக’ நின்றது. அடியார்கள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். பாவூர்சத்திரத்து அரிசி மில்காரர் கண்கலங்கிவிட்டார்.

“பாடினா மட்டும் போதாதுன்னு அம்மா சாட்டையால அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க.”



திங்கட்கிழமை தாணு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

“சமீபத்துல உள்ளே ஏதாவது பார்ட் மாத்தினீங்களா சார்?”

“இல்லம்மா. அதே கம்ப்யூட்டர்தான்.”

“நிச்சயமா?”

“அதே பெட்டி, அதே மவுஸ். மவுஸ் மேல இருக்கிற விபூதி கூட அப்படியே இருக்கு.”

“அப்படின்னா உரிமம் போயிருக்க வாய்ப்பே இல்லையே சார்.”

“போயிருக்கே!”

மூன்று நாள் இதே கேள்வி, இதே பதில். திரையிலும் ‘வன்பொருளை மாற்றினேன்’ என்று ஒரு வரி இருந்தது. பாம்புப் புற்றைச் சுற்றிப் போகிறவர் மாதிரி தாணு அதைச் சுற்றியே அம்புக்குறியை ஓட்டினார்.

வியாழக்கிழமை குருவின் முன்னால் போய் நின்றார்.

“கம்ப்யூட்டரை வேற யார்கிட்டயாவது கொடுத்திருங்க அம்மா.” என்றார். “அதுக்கு முன்னாடி ஒரு தத்துவ விசாரம். ஒரு பொருளோட உறுப்புகளை மாத்திக்கிட்டே போனா, கடைசியில அது அதே பொருளா, வேற பொருளா?”

“போர்டை மாத்தினதை அவங்ககிட்ட சொன்னீங்களா?”



குரு கை நீட்டிப் போனை வாங்கினார். எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஆமாம்மா, மாத்தினோம். இடி விழுந்து மதர்போர்டு போயிருச்சு.”

“அப்படியா மேடம்! உரிமத்தை உங்க ஈமெயில் கணக்கோட முன்னாடியே சேர்த்திருக்கீங்களா?”

குரு திரும்பிப் பார்த்தார்.

“வாங்கின அன்னைக்கே சேர்த்துட்டேன்” என்றார் தாணு. “ரசீது மூணு நகல் இருக்கு.”

“அப்போ ஒண்ணும் கஷ்டமில்லை. ‘வன்பொருளை மாற்றினேன்’ங்கிறதை அழுத்துங்க. கணக்குக்குள்ள போங்க. உங்க கம்ப்யூட்டர் பேர் வரும். ‘இப்போது நான் பயன்படுத்துவது இதுவே’ன்னு டிக் பண்ணுங்க.”

தாணு ஒவ்வொன்றாக அழுத்தினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மூலை வெறுமையாயிற்று.

“முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேலை மேடம். அங்கேயிருந்து ஒரு பெரியவர் மூணு நாளா...”

“நன்றிம்மா” என்று குரு போனை வைத்தார்.



“மாத்திட்டோம்னு ஒத்துக்கிட்டா, ‘நீ யாருன்னே தெரியாது’ன்னு சொல்லிருவாங்களோன்னு பயந்துட்டேன் அம்மா.”

“மாறவே இல்லைன்னு மூணு நாளா சொன்னீங்களே அண்ணாச்சி,” என்றார் குரு. “அப்போ மட்டும் நீங்க யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுதா?”