தோல்முட்டையும் நத்தை சொன்ன இலையும்

இந்தக் கதையைச் சரியாகச் சொல்வேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டவள் நான். ஒரு இலையின் பேரை மாற்றிச் சொல்லி, அதை நம்பி யாராவது தின்று, அவர்கள் எலும்புக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதனால் மெதுவாகச் சொல்கிறேன். தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

மலையடிவாரத்தில் ஓர் ஓடை. ஓடைக்கரைப் புதரில் ஒரு காட்டுக்கோழி இருந்தது. அதன் பேர் பேச்சி. கரையான், வெட்டுக்கிளி, நத்தை என்று அசைவதை எல்லாம் கொத்தித் தின்னும்.

ஒரு மழைநாளில் அது ஒரு நத்தையைப் புரட்டிப் போட்டது. நத்தையின் பேர் சுருளி. ஓடவும் தெரியாது, பறக்கவும் தெரியாது, பாவம் என்ன செய்யும்? கொம்பு இரண்டையும் மெல்ல நீட்டியது. கொம்பு நுனியில் இருந்த கண்கள் பேச்சியை ஏறிட்டுப் பார்த்தன. கோபமாகக்கூட இல்லை. சும்மா பார்த்தன.

அவ்வளவுதான். பேச்சியின் அலகு இறங்கவில்லை. இதுவரை தின்றதெல்லாம் இப்படிப் பார்த்திருக்குமோ என்று தோன்றியது. இனிக் கண்ணுள்ள எதையும் தின்பதில்லை என்று முடிவெடுத்தது. முடிவெடுத்ததோடு நிற்காமல் காடு முழுக்கச் சொல்லிவிட்டும் வந்தது. அடுத்த நாளே வெட்டுக்கிளிகள் அதன் முதுகில் உட்கார்ந்து அரட்டை அடித்தன. கரையான்கள் அதன் கால்விரல்களுக்கு நடுவே வரிசையாகப் போய்வந்தன. வழியை மறைக்காமல் தள்ளி நில் என்று ஒரு கரையான் அதட்டியதாகவும் கேள்வி.

உதிர்ந்த பழத்தையும் புல்விதையையும் தின்று பேச்சி சந்தோஷமாகத்தான் இருந்தது. முட்டையிடும் காலம் வந்தபோதுதான் வினை வந்தது. முதல் முட்டைக்கு ஓடே இல்லை. தொட்டால் அமுங்குகிற தோல்முட்டை. பேச்சி பதறிப்போய் ஏறி உட்கார, அது கிழிந்து வழிந்துவிட்டது. ஓடு இல்லாமல் அடைகாப்பது எப்படி? குஞ்சு ஏது? பேச்சி அழுதது.

அழுகையைக் கேட்டுக் கீரிப்பிள்ளை வந்தது. வழிந்ததை ஒரு சொட்டு விடாமல் நக்கி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்ட பிறகு துக்கம் விசாரித்தது. முட்டையை உருட்டிக்கொண்டு போய்ப் பாறையில் மோதி உடைக்கிற பாடு இல்லாமல் அதற்கு ஒரு சாப்பாடு கிடைத்தது அன்றுதான். இது நிலைக்க வேண்டுமே என்று யோசித்தது.

“பேச்சி, நீ எடுத்தது தங்கமான முடிவு. ஓட்டுக்கு வேண்டிய சத்தெல்லாம் பச்சை இலையிலேயே இருக்கு. ஓடையோரம் பசலை தழைச்சுக் கிடக்கு பார், அதை மட்டும் தின்னு. வெயில்ல அலையாதே, உடம்பு காஞ்சிடும். புதருக்குள்ளேயே படுத்துக்க.”

“சரி மாமா,” என்றது பேச்சி.

அப்படியே செய்தது. அடுத்த முட்டையும் தோல்முட்டை. அதற்கடுத்ததும் தோல்முட்டை. கீரி தினமும் காலையில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வந்துவிடும். கெட்டுப்போனதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருத்தப்படாதே, நான் அப்புறப்படுத்துகிறேன் என்று எடுத்துப் போகும். இப்படி ஒரு மாமா யாருக்குக் கிடைப்பார் என்று பேச்சி உருகியது. அதற்குக் காலும் வலிக்க ஆரம்பித்திருந்தது.

மற்றக் கோழிகள் வந்து பார்த்து வேறு மாதிரி சொல்லின. இதெல்லாம் வேண்டாத வீம்பு, ஒரு நத்தையை ஓட்டோடு விழுங்கு, எல்லாம் சரியாகும் என்றன. பேச்சி அவற்றைத் திட்டி விரட்டியது. ஆனால் அன்று சாயங்காலம் அது சுருளியைப் பார்த்த பார்வை புதிதாக இருந்தது.

“சுருளி, உன் ஓடு நல்ல கெட்டியா இருக்கே.”

“நேத்து வரைக்கும் தம்பின்னு கூப்பிட்டீங்க, அக்கா.”

“எனக்குக் குஞ்சு வேணும்டா தம்பி.” பேச்சியின் கண் கலங்கியிருந்தது. அலகு மட்டும் கீழே வந்துகொண்டிருந்தது.

உள்ளே ஒடுங்கிக்கொள்ளத்தான் சுருளிக்குத் தோன்றியது. ஒடுங்கினால் ஓட்டோடு போய்விடுவோம் என்பதும் புரிந்தது. அதனால் தலையை இன்னும் வெளியே நீட்டியது.

“என்னைத் தின்னா ஒரு முட்டைக்கு ஓடு வரும். அடுத்த முட்டைக்கு என் அண்ணனைத் தேடுவீங்களா? இந்த ஓடு எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டீங்களா அக்கா? நான் யாரையும் தின்னதில்ல. இலைதான் தின்கிறேன்.”

அலகு நடுவழியில் நின்றது. “நானும் இலைதானே தின்கிறேன்?”

“எந்த இலை?”

பசலை என்று கேட்டதும் சுருளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உயிர் போகிற நேரத்தில் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டது. பசலையிலும் அந்தச் சத்து உண்டு, ஆனால் அது கஞ்சன் கையில் இருக்கிற பண்டம் மாதிரி, பார்க்கலாம், சுலபத்தில் வாங்க முடியாது என்று விளக்கியது.

நத்தை முன்னால் நடந்து வழிகாட்டினால் முட்டைக்காலமே முடிந்துவிடும். அதனால் பேச்சி அதை முதுகில் ஏற்றிக்கொண்டது. அங்கே ஏற்கெனவே இருந்த வெட்டுக்கிளிகள், பின்னால் வந்தவன் பின்னால் உட்காரட்டும் என்று சண்டை பிடித்தன. முதலில் வயலோரத்து முருங்கைக்குப் போய் இலை தின்றன. பிறகு அறுப்பு முடிந்த புஞ்சையில் சிந்திக் கிடந்த கேழ்வரகும் எள்ளும். வரும் வழியில், சுருளி வழக்கமாக நக்குகிற சுக்கான்கல், சுண்ணாம்புச் சத்துள்ள கல். அதில் பொடியாகக் கொஞ்சம் கொத்திக்கொள்ளச் சொன்னது. கல் கோழிக்குத்தான். மனிதர்கள் யாரும் தின்ன வேண்டாம், இதை நான் அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் வெட்டவெளிக்கு வந்ததும் சுருளி இறங்கிக்கொண்டது. “வெயில் எனக்கு ஆகாது, நான் கல்லுக்கடியில இருக்கேன். நீங்க சிறகை விரிச்சுப் படுங்க. மத்தக் கோழியெல்லாம் காலையில அப்படித்தான் கிடக்குது. வெயிலே படாட்டித் தின்ன சத்து உடம்புல ஒட்டாது.”

உடனே ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த முட்டையும் தோல்தான். பேச்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தது. சுருளி அன்று முழுக்க ஓட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஆனால் அதற்கடுத்த முட்டை காகிதம் மாதிரி மெல்லிய ஓட்டோடு வந்தது. பிறகு வந்தது, தட்டினால் டொக்கென்றது.

மறுநாள் காலை கீரி வழக்கம்போல் நலம் விசாரிக்க வந்தது. பேச்சி வெயிலில் கிடந்தது. கீரி முட்டையை இழுத்து, பழகிய சுகத்தில் ஒரே கடி கடித்தது. கடக்கென்று சத்தம். உடைந்தது முட்டை இல்லை, கீரியின் முன்பல். அது போட்ட அலறலில் கோழிகள் எல்லாம் ஓடிவந்தன.

“என்ன பேச்சி இது, முட்டையா கல்லா?” என்று கீரி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டது.

பேச்சி முட்டையைப் பார்த்தது. கீரியின் வாயைப் பார்த்தது. இத்தனை நாள் அப்புறப்படுத்தியது எங்கே போனது என்று அதற்குப் புரிந்தது.

“எல்லாம் இலைதான் மாமா. பச்சை இலையிலேயே எல்லாம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

கோழிகள் கொத்திய கொத்தில் கீரி ஓடையைத் தாண்டிப் போனது, திரும்பவே இல்லை. குஞ்சுகள் பொரிந்தன. அசைவதை எல்லாம் கொத்திப் பார்க்கிற வயது. சுருளிக்கு மறுபடி நடுக்கம். பேச்சி முதல் வேலையாகக் குஞ்சுகளை அழைத்துப்போய் அதன் கண்ணுக்கு எதிரே நிறுத்தி, “நல்லாப் பார்த்துக்குங்க, இதுதான் உங்க தாய்மாமன்,” என்றது.

எதிர்வீட்டுக் கன்றுக்குட்டி ஒரு நாள் என்னைப் பார்த்த பார்வையில் நானும் பாலையும் தயிரையும் விட்டுவிட்டேன். கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றிச் சமைக்கிறேன், துணி காயப்போடும் சாக்கில் வெயிலிலும் நிற்கிறேன். அப்படியும் மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துப் பார்த்து, அவர் தந்த மாத்திரையையும் தவறாமல் போட்டுக்கொள்கிறேன்.

ஒரு உணவை விடுகிறவர், அது தந்த சத்தை இனி எதில் எடுப்பது என்று விஷயம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் குறையால் வயிறு வளர்ப்பவரிடம் கேட்கக் கூடாது.