வரிசையில் விட்ட இடம்

கோரையன் தன் மனைவி ஆம்பலை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு பங்குனிக் காலையில், ஏரியின் மதகுப் பக்கம். பறக்கக் கிளம்பியவள் திரும்பி வந்து, "கிழக்கு மூலையில கீரி திரியுது. நான் வர்ற வரைக்கும் அங்க மேயப் போகாதீங்க," என்றாள். பிறகு ஊசிவால் வாத்துகளோடு எழும்பிப் போனாள். கூட்டம் கடல் இருக்கும் திசைக்குத் திரும்பியது. சற்று நேரத்தில் அதில் அவள் எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை.

கோரையனும் ஆம்பலும் புள்ளிமூக்கு வாத்துகள். பக்கத்து ஏரியைத் தாண்டி அவர்கள் எங்கும் போனதில்லை. ஊசிவால்கள் அப்படி அல்ல. ஐப்பசி மழையோடு கடல் தாண்டி வருவார்கள். பங்குனி வெயில் ஏறியதும் கடல் தாண்டித் தங்கள் நாட்டுக்குத் திரும்புவார்கள்.

அவர்களில் நெடுவாலன் என்பவன் வாய் ஓயாதவன். தங்கள் நாடு ரொம்பப் பெரியது என்பான். ஒரு முனையில் பனி கொட்டும்போது மறு முனையில் மணல் கொதிக்குமாம். நடுவில் ஒரு மலை புகைந்துகொண்டே இருக்குமாம். அதன் அடிவாரத்துக் குட்டையில் எப்போதும் வெந்நீராம். உப்புச் சதுப்பில் புழுக்கள் கொழுத்துக் கிடக்குமாம். வடக்கே போனால் பொழுதே சாயாத புல்வெளி உண்டாம். ஆம்பல் இரை தின்ன மறந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அவளும் போவதென்று முடிவு செய்தாள். கோரையனுக்கு முன்பு வலையில் சிக்கிய சிறகு சரியாகவில்லை. அவனால் தூரம் பறக்க முடியாது. "நீங்க இருங்க. நான் பார்த்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்றேன்," என்றாள் அவள்.

அன்று முதல் ஈரச் சேற்றில் அலகால் அந்த நாட்டைக் கீறிக்கொண்டிருந்தாள். முதலில் சதுப்பில் இறங்கி உடம்பைத் தேற்றிக்கொள்வது, பிறகு புகை மலை, அங்கிருந்து புல்வெளி என்று வழி போட்டாள். மணலைப் பார்க்காமல் வருவதா என்று அதையும் சேர்த்தாள். யாராவது மிதித்துக் கலைத்தால் மறுபடி முதலிலிருந்து கீறினாள்.

பக்கத்துப் புதரில் இருந்த தாழைக்கோழி செங்காலிக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு. "பக்கத்து ஏரிக்குப் போனப்பவே வழி தெரியாம நெல்வயல்ல நின்னவதானடி நீ? இப்ப பனியைப் பார்க்கப் போறியாக்கும்!"

"திரும்பி வந்து கதை சொல்லுவேன். அப்ப கேக்க வராதக்கா," என்றாள் ஆம்பல்.

கோரையன் சேற்றுப் படத்தைச் சுற்றி வந்து பார்த்தான். மலைக்கும் மணலுக்கும் அத்தனை இடம் விட்டவள், கடலை ஒரே கோடாகக் கீறியிருந்தாள். கடல் எவ்வளவு அகலம் என்று கேட்டான்.

"அது ஒண்ணுமில்லைங்க. யாரைக் கேட்டாலும் தாண்டி வந்துட்டேன்னுதான் சொல்றாங்க."

அவள் சொன்னது உண்மைதான். அவள் ஊசிவால்களில் ஒருவர் விடாமல் கேட்டிருந்தாள். எல்லாரும் தாண்டி வந்தவர்கள்தான்.

அந்த ஏரியில் ஒரு மரியாதை இருந்தது. தூரத்திலிருந்து வந்து இறங்கிய விருந்தாளியிடம் வராதவரைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். களைத்து வந்தவர் மனம் நோகுமே என்ற எண்ணம். அதனால் வந்தவர்களுக்கு இரை இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள். அதோடு சரி.

ஊசிவால்களிடமும் ஒரு வழக்கம் இருந்தது. பொழுது இறங்கும் நேரத்தில் மண்திட்டின் மேல் வரிசையாக நிற்பார்கள். வரிசையில் அங்கங்கே ஒருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கும். கூட்டத்தின் தலைவன் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவான். பேருக்கு உரியவர் குரல் கொடுப்பார். சில பேருக்குக் குரல் வராது. அப்போது எல்லாரும் அசையாமல் காத்திருப்பார்கள். நாணல் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு தலைவன் அடுத்த பேரைக் கூப்பிடுவான்.

குரல் கொடுக்காதவர்கள் எங்கோ மேயப் போயிருப்பார்கள் என்று ஏரிப் பறவைகள் நினைத்துக்கொண்டன. விட்டிருக்கும் இடங்களுக்கும் செங்காலி ஒரு காரணம் வைத்திருந்தாள். அதெல்லாம் நம்மைப் போன்றவர்கள் வந்து நிற்கட்டும் என்று விட்டு வைத்தது, தங்கமான ஜனங்கள் என்பாள்.

கூட்டத்தோடு பழகிக்கொள்ள வேண்டும் என்று ஆம்பல் ஒரு மாலை போய் அப்படி ஓர் இடத்தில் நின்றாள். அது நெடுவாலனுக்குப் பக்கத்து இடம். யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை.

தலைவன் பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். "சாரல்," என்றான்.

குரல் வரவில்லை. அந்த இடத்தில் நிற்பவள் தான்தானே, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் போலும் என்று ஆம்பலுக்குத் தோன்றியது.

"இருக்கேன்," என்றாள்.

வரிசையில் இருந்த அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. தலைவன் அடுத்த பேரைக் கூப்பிடவில்லை. பிறகு நெடுவாலன் நெருங்கி வந்து, அவள் முதுகில் ஒட்டியிருந்த ஒரு பாசி இழையை அலகால் மெதுவாக எடுத்துப் போட்டான்.

மறுநாளிலிருந்து கூட்டம் முழுவதும் அவளைச் சாரல் என்றே அழைத்தது. நெடுவாலன் தன் நாட்டைப் பற்றிக் கதை சொல்வதை நிறுத்திவிட்டான். பதிலாக அவளிடம் கேட்க ஆரம்பித்தான். "அந்தப் புகை மலை ஞாபகம் இருக்கா உனக்கு?" என்பான். அவளும் சிரித்துக்கொண்டே, "ஏன் இல்லாம?" என்பாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். நாள் போகப் போக வெந்நீர்க் குட்டையில் கால் வைத்தால் எப்படிச் சுடும், பனியில் படுத்து எழுந்தால் எப்படிக் கீழே குழி விழும் என்றெல்லாம் அவளே சொல்ல ஆரம்பித்தாள். அந்த நாட்டை ஒருமுறைகூடப் பார்க்காதவள், அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தவளைப் போலப் பேசினாள். கேட்டுக்கொண்டிருந்த கோரையனுக்கு இறகு சிலிர்த்தது.

"உன்னை எதுக்கு அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க?"

"வெளிநாடு போறவளுக்குன்னு ஒரு பேர் வைப்பாங்களா இருக்கும். நல்லாத்தானே இருக்கு?"

ஒருநாள் காலையில் அவன் "ஆம்பல்" என்று கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

கோரையன் அன்றே நெடுவாலனைத் தேடி நீந்திப் போனான். சாரல் யார், அவள் எங்கே என்று கேட்டுவிடுவது என்றுதான் போனான். நெடுவாலன் தனியாக, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். கோரையன் வாயைத் திறந்தான். விருந்தாளியிடம் இதைக் கேட்பது எப்படி என்று கூச்சமாக இருந்தது.

"இந்த வருஷம் மழை பரவாயில்லை," என்றான்.

"ஆமா, பரவாயில்லை," என்றான் நெடுவாலன்.

கோரையன் திரும்பி வந்துவிட்டான். பங்குனியில் ஊசிவால்கள் ஆம்பலோடு கிளம்பினார்கள்.

அடுத்த ஐப்பசியில் மழையோடு ஊசிவால்கள் வந்து இறங்கினார்கள். கோரையன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனான். ஆம்பல் இல்லை. மாலையில் அவர்கள் மண்திட்டில் வரிசையாக நின்றார்கள். நெடுவாலனுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

"சாரல்," என்றான் தலைவன். எல்லாரும் காத்திருந்தார்கள்.

கோரையன் தண்ணீரை விட்டு மேலேறி வரிசைக்கு முன்னால் போய் நின்றான். "என் பெண்டாட்டி எங்கே?" என்றான்.

ஏரிப் பறவைகள் திடுக்கிட்டன. செங்காலி புதருக்குள் தலையை இழுத்துக்கொண்டாள்.

நெடுவாலன்தான் பதில் சொன்னான். கரையை விட்ட மறுநாள் ஆம்பல் பின்தங்கிவிட்டாள். ஊசிவால்களுக்கு இருக்கும் நீளச் சிறகு அவளுக்கு இல்லை. கீழே ஒரு பிடி மண்கூட இல்லை. முடியாமல் தண்ணீரில் இறங்கினாள். அலை பெரிதாக இருந்தது. அவர்கள் மேலே சுற்றிச் சுற்றிப் பறந்து கூப்பிட்டார்கள். பிறகு குரல் வரவில்லை. நெடுவாலனின் பெண்டாட்டி சாரல் முன்பு போனதும் அதே கடலில்தான்.

புகை மலையையோ புல்வெளியையோ ஆம்பல் பார்க்கவே இல்லை. அந்த நாட்டின் கரைகூட அவள் கண்ணில் படவில்லை.

"வருஷா வருஷம் இப்படி நடக்குமா?" என்று கேட்டான் கோரையன்.

"நடக்காத வருஷம் கிடையாது."

"அப்புறம் ஏன் அவகிட்ட சொல்லலை?"

நெடுவாலன் அவனைப் பார்த்தான். "கேட்டிருந்தா சொல்லியிருப்போம். இந்த ஏரியில யாரும் கேட்டதில்லையே. உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் கேட்காம இருக்கீங்கன்னு நினைச்சோம்."

தலைவன் அடுத்த பேரைக் கூப்பிட வாயெடுத்தான்.

"அவ பேர் சாரல் இல்லை," என்றான் கோரையன். "ஆம்பல்."

தலைவன் சற்று யோசித்தான். பிறகு, "ஆம்பல்," என்று கூப்பிட்டான். எல்லாரும் காத்திருந்தார்கள். கோரையனும் அவர்களோடு நின்று காத்திருந்தான். தண்ணீரின் மேல் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. தலைவன் அடுத்த பேருக்குப் போனான்.

தூர தேசம் போக நினைப்பவர், போய் வந்தவரிடம் அந்த ஊரின் அழகைக் கேட்டால் மட்டும் போதாது. போய்த் திரும்பாதவர் என்ன ஆனார் என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்.

அந்த ஏரியில் இப்போது புள்ளிமூக்கு வாத்து ஒன்றுதான் இருக்கிறது.