மாமியாரும் நடுப்பாறையும்

"டீச்சர், இந்த ஆறு என்னைய மட்டும்தானுங்க கவுக்குது."

இதைச் சொல்லும்போது சென்னியப்பனின் பற்கள் தந்தியடித்தன. காதிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

ஆன்ஸி டீச்சர் அவருடைய கயாக் படகைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே புகுந்த தண்ணீரைக் கொட்டினாள்.

"எதுக்கு இந்த ஓரவஞ்சனைன்னு ஆத்துக்கிட்டயே கேட்டீங்களாண்ணே?"

"விளையாடாதீங்க டீச்சர். மயில்சாமி வந்தான், கவுக்கலை. இலியாஸ் வந்தான், கவுக்கலை. மூணு பேரும் ஒரே குளத்துலதானுங்க பழகினோம்."

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"அவங்க ரெண்டு பேரோடயும் சேர்ந்து கீழ வரை வரோணும். ஒரே ஒரு தடவை. கவுழாம."

டீச்சர் படகைக் கரையில் நிமிர்த்தி வைத்தாள்.

பங்குனி பிறந்திருந்தது. மேலே இமயமலையில் பனி உருகத் தொடங்கிவிட்டது. பாலில் சாம்பலைக் கரைத்த நிறத்தில் ஆறு இரைந்துகொண்டு ஓடியது. கையை வைத்தால் எலும்பு வரை குளிரும். இந்தத் தண்ணீரில், ஒற்றை ஆள் மட்டும் உட்காரக்கூடிய படகில் இறங்குவதற்கென்றே, சனி ஞாயிறைக் கணக்குப் பண்ணி, கோபிசெட்டிபாளையத்திலிருந்து மூன்று நண்பர்கள் வந்திருந்தார்கள். புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமா என்று வீட்டில் கேட்டார்கள். ஆனாலும் வந்துவிட்டார்கள்.

டீச்சருக்கு அவர்களைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. கன்னியாகுமரிப் பக்கம் கடலோர ஊரில் பிறந்தவள். வடக்கே வேலை தேடி வந்து, இந்த ஆற்றைப் பார்த்துவிட்டு, இங்கேயே தங்கிவிட்டவள். வயதைப் பார்த்து அவள் யாருக்கும் சலுகை தருவதில்லை.

சென்னியப்பன் வங்கி மேலாளர். தங்கமான மனிதர். வாடிக்கையாளர் யாராவது குரலை உயர்த்தினால் மட்டும், சக்கரம் வைத்த அவருடைய நாற்காலி தானாகவே பின்னால் நகர்ந்து சுவரில் போய் முட்டும். இது கிளைக்கே தெரிந்த விஷயம்.

ஆறு ஓரிடத்தில் சரிந்து இறங்கி, கொதித்து, சுழன்று, பிறகு அமைதியான மடுவாக விரிகிறது. அந்தச் சரிவுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பேர் மாமியார். யார் வந்தாலும் ஒரு சோதனை வைத்துத்தான் உள்ளே விடுவாளாம். அவள் வைத்திருக்கிற சோதனை ஒரு பாறை. மாட்டு வண்டி அளவுக்கு, ஆற்றின் நட்ட நடுவில் கிடக்கிறது.

சென்னியப்பன் போன வருஷமும் அந்தப் பாறையில்தான் போய்க் கவிழ்ந்தார். அதற்கு முந்தின வருஷமும் அங்கேதான். இன்று காலையும் அதே இடம்.

நண்பர்கள் கீழே மடுவில் போய் நின்று துடுப்பை உயர்த்திக் கூவுவார்கள். இவர் டீச்சர் எறிந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கரையேறி, இருமிக்கொண்டிருப்பார்.

இலியாஸ் ஆடி மாதம் குடும்பத்தோடு நியூசிலாந்தில் குடியேறப் போகிறான். இனி மூன்று பேரும் இந்த ஆற்றுக்குச் சேர்ந்து வருவது நடக்கிற காரியமில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டால் இல்லை.

"நாளைக்கு ஒரு தடவை விடுறேன்" என்றாள் டீச்சர். "நாளைக்கும் அங்கயே கவுந்தா, அதுக்கப்புறம் உங்கள நான் அந்த எடத்துல இறக்க மாட்டேன். படகைத் தோள்ல வச்சுக் கரையோட நடக்கணும்."

"சரிங்க. இன்னைக்கு மத்தியானம் பயிற்சி குடுங்க. எத்தனை தடவைன்னாலும் நான் தயாருங்க."

"பயிற்சி வேண்டாம். டீ குடிப்போம். வாங்க."

*

டீ குடிக்க அவள் கூட்டிப்போன இடம் அந்தப் பாறை.

முன்பக்கத்திலிருந்து அதை நெருங்க முடியாது. பின்பக்கம் வேறு கதை. பாறையின் முதுகுக்குப் பின்னால் ஒரு சிறிய அறை அளவுக்குத் தண்ணீர் அசையாமல் நின்றது. மடுவிலிருந்து கரையோரமாகவே துடுப்புப் போட்டு ஏறி, சட்டென்று குறுக்கே வெட்டி, இருவரும் அதற்குள் நுழைந்தார்கள்.

"இப்படி ஒரு எடம் இருக்கிறதே எனக்குத் தெரியாதுங்க."

"நீங்க இங்க வர்றப்ப தலைகீழால்ல வருவீங்க."

படகுகளைக் கட்டிவிட்டுப் பாறைமேல் ஏறினார்கள். டீச்சர் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினாள். இஞ்சி தூக்கலாக இருந்தது. குடித்து முடித்ததும் ஹெல்மெட்டை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

"டீச்சர்?"

"ம்."

"பாடம் எப்பங்க ஆரம்பிக்கும்?"

"பாறை பக்கத்துல வந்ததும் என்ன செய்வீங்க?"

"விலகுவனுங்க."

"எப்படி?"

"உடம்பை இந்தப் பக்கம் சாய்ச்சு, அதுங்கிட்ட இருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்."

"அப்படி செய்யச் சொல்லி யாரு சொல்லித் தந்தா?"

சென்னியப்பன் யோசித்தார். "யாரும் சொல்லித் தரலைங்க. தானா வருது."

"சரி."

அவ்வளவுதான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மெல்லிய குறட்டை வந்தது.

இங்கே ஆற்றின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே வெயில் பட்டு உருகுகிற பனி, மலையிறங்கி இந்த இடத்துக்கு வந்துசேர மத்தியானம் ஆகிவிடும். அதனால் காலையில் ஆறு சாது. பொழுது சாயச் சாயச் சாமியாடும்.

முதலில் பாறையின் விளிம்பு நனைந்தது. பிறகு விளிம்பைக் காணவில்லை.

"டீச்சர், தண்ணி ஏறுதுங்க."

"ஏறும்."

"இங்க வரைக்கும் வருமுங்களா?"

"நீங்க உக்காந்திருக்கிற எடத்துல புல்லு மொளைச்சிருக்கு. பாத்தீங்களா?"

பார்த்தார். காய்ந்த புல்தான். வருஷக்கணக்காக நனையாத புல். அறிவு ஒத்துக்கொண்டது. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை.

முழங்காலைக் கட்டிக்கொண்டு பாறையின் நடுவே உட்கார்ந்தார். இரைச்சல் கூடியது. வேரோடு வந்த ஒரு மரக்கிளை பாறையில் மோதியபோது, சத்தம் அவர் முதுகுத்தண்டில் கேட்டது. திவலை முகத்தில் அடித்தது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால், தான் குப்புறப் படுத்திருப்பது தெரிந்தது. எப்போது படுத்தார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு கைகளையும் விரித்து, கன்னத்தைக் கல்லில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

கல் கதகதப்பாக இருந்தது.

அவ்வளவு குளிர்ந்த தண்ணீருக்கு நடுவே நாள் முழுக்க வெயிலை வாங்கி வைத்திருந்தது அந்தக் கல். சென்னியப்பன் கன்னத்தை எடுக்கவில்லை. மார்பையும் அப்படியே வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் அதைத் திட்டின திட்டெல்லாம் நினைவுக்கு வந்து கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஹெல்மெட் லேசாக உயர்ந்தது. டீச்சரின் ஒரு கண் தெரிந்தது.

"அண்ணே, இந்தக் கல்லு இப்ப ஆத்துப் பக்கமா, உங்க பக்கமா?"

அவர் கன்னத்தை எடுக்காமலே கல்லை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"கிளம்புவோம்" என்றாள் டீச்சர்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறு சாதுவாக இருந்தது. மாமியார் எவ்வளவு சாதுவாக இருக்க முடியுமோ, அவ்வளவு.

"முதல்ல மயில் அண்ணன். ரெண்டாவது நீங்க. கடைசியா இலியாஸ் அண்ணன்." டீச்சர் விழுந்தவருக்கு எறிகிற கயிற்றுப் பையோடு கரையில், சரிவின் தலைமாட்டில் போய் நின்றாள். அவளுடைய படகு பக்கத்தில் தயாராக இருந்தது.

"டேய் சென்னி, கீழ போட்டோ எடுக்கோணும். படகோட வந்து சேரு" என்றான் மயில்சாமி.

"நீ கேமராவ நனைக்காமப் போடா."

மயில்சாமி போனான். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனான். கீழே மடுவில் அவன் துடுப்பு உயர்ந்தது.

சென்னியப்பன் இறங்கினார்.

முதல் அலை முகத்தில் அறைந்தது. இரண்டாவது அலையைத் தாண்டினார். பாறைக்கு இடதுபக்கம் போக வேண்டும். இடது, இடது என்று தனக்கே சொல்லிக்கொண்டு துடுப்புப் போட்டார். கை இடது என்றது, கண் மட்டும் பாறையை விட்டு நகரவில்லை. படகு கண்ணின் பேச்சைக் கேட்டது.

பக்கவாட்டில் போய்ப் பாறையில் அறைந்தார்.

ஆற்றின் மொத்தப் பாரமும் படகை வந்து அழுத்தியது. உடம்பு வழக்கம்போல விலகப் பார்த்தது. இடுப்பு பின்வாங்கத் தொடங்கியது. மேலிருந்து வந்த தண்ணீர், அவர் விலகிச் சாய்ந்த பக்கமாகவே படகின் ஓரத்தில் ஏறிவிட்டது.

அப்புறம் என்ன நடந்தது என்று அவரைக் கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டார். பாறைமேல் விழுந்தார் என்பதுதான் உண்மை. துடுப்போடு சேர்த்து அதைக் கட்டிக்கொண்டார். மூக்கு நசுங்கியது. காலை நேரத்துக் கல் பனிக்கட்டியாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

படகு நின்றது.

கவிழவில்லை. பாறைப் பக்கம் சாய்ந்த படகின்மேல் ஏற முடியாமல், அடியில் தண்ணீர் உறுமிக்கொண்டு போனது. அவர் பாறையில் ஒட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, நிமிர்ந்தே இருந்தார். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஏதோ ஒன்று அவருக்குள்ளிருந்து வந்தது.

கரையிலிருந்து விசில் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தார். மேலே, முதல் அலைக்கு அடியில், இலியாஸின் படகு வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடக் கவிழாத இலியாஸ்.

தண்ணீருக்குள்ளிருந்தே படகை நிமிர்த்தப் பார்த்தான். முடியவில்லை. மறுபடி பார்த்தான். அதுவும் முடியாமல் படகிலிருந்து தன்னைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தான். அவன் தலை ஒரு முறை தெரிந்தது. பிறகு இல்லை. டீச்சர் எறிந்த கயிறு அவனுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

ஆறு அவனைப் பாறைக்கும் வலது கரைக்கும் நடுவில் இழுத்தது. கொதிப்பு அதிகமாக இருப்பது அந்தப் பக்கம்தான்.

"இலியாஸு! இங்க! இங்க புடிடா!"

கையை நீட்ட முடியாது. நீட்டினால் பாறை போய்விடும். சென்னியப்பன் பாறையை இன்னும் இறுக்கிக்கொண்டு கத்தினார். கத்த மட்டும்தான் முடிந்தது.

படகின் வால் குலுங்கியது. வாலில் ஒரு கைப்பிடி வளையம் உண்டு. அதை ஒரு கை பிடித்தது. பிறகு இன்னொரு கையும் வந்து பிடித்தது.

இலியாஸின் பாரம் படகின் வாலைக் கீழ்ப்பக்கம் இழுத்தது. படகு பாறையை உரசிக்கொண்டே மெல்லத் திரும்பி, பின்னோக்கி நழுவி, பாறையின் முதுகுக்குப் பின்னால் அந்த அசையாத தண்ணீருக்குள் வந்து நின்றது.

சத்தம் சட்டென்று அடங்கியது.

சற்று நேரத்தில் டீச்சரும் படகோடு வந்து சேர்ந்தாள். இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். கைகால் அசைகிறதா என்று பார்த்தாள். அசைந்தது.

சென்னியப்பன் தலையைத் தூக்கவில்லை. மூக்கில் ரத்தம் கசிந்தது. படகு வந்த லட்சணத்தை நினைத்தார். இடதுபக்கம் போகச் சொன்னார்கள். போகவில்லை. நேராக வரச் சொன்னார்கள். பின்னோக்கி வந்தார்.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர்."

"எதுக்கு?"

"இந்தத் தடவையும் மோதிட்டனுங்க. எனக்கு இது வராதுங்க. இங்கிருந்து நான் நடந்தே வந்தர்றேன்."

டீச்சர் துடுப்பின் நுனியால் படகின் வால்பக்கம் காட்டினாள்.

இலியாஸ் இன்னும் வளையத்தை விடவில்லை. அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. பேச வாயெடுத்தான், குளிரில் வார்த்தை வரவில்லை. மறுபடி முயன்றான்.

"டேய் சென்னி, நீ மோதாமப் போயிருந்தீன்னா, நான் எதையடா புடிச்சிருப்பேன்?"